முழுசும் சாப்பிட்டார்

வீட்டில் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவளே சட்டென்று திரும்பிப் பார்க்க மாட்டாள். முதியோர் இல்லத்தில் அத்தனை பேருக்கும் அவள் ரேடியோ. காலையில் ஏப்ரனின் நாடாவை முடிச்சுப் போடும்போது திறந்த வாய், சாயங்காலம் அந்த முடிச்சை அவிழ்க்கும்வரை மூடாது. படுக்கை விரிப்பு மாற்றும்போது பேச்சு, பெட்பேன் கழுவும்போது பேச்சு, சுத்தமாகக் காது கேட்காத முதியவரிடமும் பேச்சு. அவரும் பாவம், எல்லாம் புரிந்ததுபோலத் தலையாட்டுவார். ரேடியோவுக்காவது அணைக்க ஒரு திருகு உண்டு, இவளுக்கு அதுகூட இல்லை என்பது தையல் கடை வைத்திருக்கும் அவள் கணவரின் குறை. சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தால் குறை சொல்கிற மாதிரித் தெரியாது என்பது வேறு விஷயம்.

இந்த வேலைக்கு அவள் நேர்வழியில் வந்தவளில்லை. கல்யாணமான புதிதில் பிஸ்கட் கம்பெனியில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். இயந்திரம் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவளோடுகூடப் பேச முடியாது. தன் வாழ்க்கையின் இருண்ட காலம் அதுதான் என்று இன்றைக்கும் சொல்வாள். பிறகு மாமனார் படுத்த படுக்கையானார். மனிதர் சிடுமூஞ்சி. சொந்தப் பிள்ளையே பக்கத்தில் போக யோசிப்பார். இவள் போனாள். புரட்டிப் படுக்கவைத்து, முதுகைத் துடைத்து, பவுடர் போட்டு, தெருவில் நடந்தது நடக்காதது எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே கஞ்சியை ஊட்டிவிட்டாள். அதுவரை மருமகளைப் பார்த்து ஒருநாளும் சிரிக்காத மனிதர் கடைசிக் காலத்தில் வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் போன பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. "எனக்கு இதுதாங்க வருது. இதையே வேலையா செஞ்சா என்ன?" என்று கணவரிடம் கேட்டாள். "செய்யேன்" என்றார் அவர்.

செய்யேன் என்று சொல்வது சுலபம். அடுத்தவர் வீட்டுப் பெரியவரைக் குளிப்பாட்டவும் அவருக்கு ஊட்டிவிடவும் நர்ஸிங் உதவியாளர் என்று அரசாங்கத்தின் வாரியம் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குப் பயிற்சி வகுப்பு, பிறகு தேர்வு, பிறகு பதிவு. மகள் வயதுப் பெண்களோடு பெஞ்சில் இடித்துப் பிடித்து உட்கார்ந்து படித்தாள். செய்முறைத் தேர்வில் வெளுத்து வாங்கினாள்; எழுத்துத் தேர்வில் தட்டுத் தடுமாறிக் கரையேறினாள். வாரியம் அவள் பெயரைப் பதிவேட்டில் ஏற்றி ஒரு நம்பர் கொடுத்தது. அந்த நம்பர் இருந்தால்தான் வேலை. அதை எடுத்துவிட்டால் மாநிலத்தில் எந்த இல்லத்திலும், ஒரு கிழவருக்கு ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுக்கக்கூட அவளை உள்ளே விட மாட்டார்கள். நம்பர் போட்ட அட்டையைப் பார்த்தால் படத்தில் அவள் வாய் திறந்திருக்கும். போட்டோ எடுத்தவரிடம் ஏதோ விசாரித்துக்கொண்டிருந்தாளாம்.

ஊட்டிவிடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. இல்லத்தில் ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஒரு சாப்பாட்டு அட்டை தொங்கும். தட்டில் வைத்ததில் எவ்வளவு உள்ளே போயிற்று என்று ஊட்டியவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கால், அரை, முக்கால், முழுசு. மற்றவர்கள் எழுதுவதெல்லாம் காலும் அரையுமாக இருக்கும். இவள் டியூட்டியில் இருந்தால் முழுசு. "உனக்குக் கை ராசி" என்று இன்சார்ஜ் சிஸ்டர் ஒருநாள் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். வாயைத் திறந்தால் குறைதான் சொல்வார் என்று பெயரெடுத்தவர் அந்த சிஸ்டர். அன்றைக்கு ரேடியோவின் தலை கொஞ்சம் கனத்துப் போயிற்று என்பதை மறைத்து என்ன பயன்?

இந்தக் கை ராசிக்கே பெரிய சோதனையாக வந்து சேர்ந்தவர் கடைசி அறைப் பெரியவர். கப்பலில் சமையல்காரராக இருந்தவர். பார்க்காத துறைமுகம் இல்லை. இப்போது ஞாபகம் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கழன்றுவிட்டது. படுத்திருக்கிற அறையையே கப்பல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் ஒரு பழக்கம் மட்டும் கழலவில்லை. கப்பலில் உள்ள ஆட்கள் எல்லாரும் சாப்பிட்டு முடிக்காமல் சமைத்தவன் வாயில் ஒரு பருக்கை படக்கூடாது. தட்டைக் கொண்டுபோய் வைத்தால் முதல் கேள்வி இதுதான்.

"தம்பி, ஆளுங்க சாப்ட்டாச்சா?"

ரேடியோவை அவர் தம்பி என்றுதான் கூப்பிடுவார். அவருடைய கப்பலில் பெண்கள் ஏது?

"எல்லாரும் ஆச்சு தாத்தா. நீங்கதான் பாக்கி."

"நீ?"

"நானும் சாப்ட்டேன்."

"எங்க, வாயைக் காட்டு."

காட்டினால் டார்ச் அடிக்காத குறையாக உள்ளே உற்றுப் பார்த்துவிட்டு, "பொய்" என்று சொல்லி உதட்டை இறுக்கிக்கொள்வார். அதன்பின் கடப்பாறை போட்டாலும் திறக்காது. மற்ற உதவியாளர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள், கொஞ்சிப் பார்த்தார்கள், கடைசியில் அட்டையில் கால் என்று எழுதிவிட்டுப் போனார்கள். ரேடியோவுக்கு அப்படி விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. கை ராசியின் மானமும் போகுமே. ஒருநாள் அவர் தட்டிலிருந்தே ஒரு ரொட்டித் துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டு, அவர் கண்ணெதிரே மென்று விழுங்கினாள். பெரியவரின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படி வா" என்று சொல்லி வாயைத் திறந்தார். அன்றிலிருந்து தம்பிக்கு ஒரு வாய், சமையல்காரருக்கு ஒரு வாய். தட்டு காலி. அட்டையில், முழுசும் சாப்பிட்டார்.

காலித் தட்டுக்கு முழுசு என்று எழுதாமல் வேறு என்ன எழுதுவது? அப்படித்தான் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதில் பாதி நம் வயிற்றுக்குள் அல்லவா போயிற்று என்ற கேள்வி அவளுக்கு எழாமல் இல்லை. எழுந்த கேள்வியை, "அவர் வாய்க்கு ஏதோ போகுதே, அது போதாதா" என்று தட்டி உட்கார வைத்துவிட்டாள். நோயாளியின் சாப்பாட்டை உதவியாளர் வாயில் வைக்கக் கூடாது என்பது முதல் வகுப்பிலேயே சொல்லித்தந்த விதி. வெளியில் சொன்னால் இந்த ஒரு வழியும் அடைபட்டுப் போகும். அதனால் ஊர் விஷயத்தையெல்லாம் ஒலிபரப்புகிற ரேடியோ இதை மட்டும் மூச்சுவிடவில்லை.

பெரியவர் இளைத்துக்கொண்டே வந்தார். கால் தட்டு சாப்பிட்ட நாளில் இளைத்தார், சரி. முழுத் தட்டு சாப்பிடுகிறவர் ஏன் இளைக்கிறார்? டாக்டர் அட்டையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மோவாயைத் தடவினார். உள்ளுக்குள் ஏதோ வியாதி என்று சந்தேகப்பட்டு ரத்தப் பரிசோதனை எழுதினார். அதில் ஒன்றும் தெரியாமல் இன்னொன்று எழுதினார். கிழட்டு நரம்பு, லேசில் அகப்படாது. ரத்தம் எடுக்க வருகிறவர் இங்கே குத்தி அங்கே குத்தி ஒருவழியாக எடுப்பார். அந்த நேரமெல்லாம் பெரியவரின் கையை அசையாமல் பிடித்துக்கொள்வது ரேடியோதான். "அங்க பாருங்க தாத்தா, கரை தெரியுது" என்று பராக்குக் காட்டுவாள். "மெதுவா குத்துங்க சார், இதென்ன கோணிப்பையா?" என்று ஊசி பிடித்தவரை ஒரு பிடி பிடிப்பாள்.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் வாரியத்து ஆய்வாளர் அம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். மதியச் சாப்பாட்டு நேரம். அன்றைக்குப் பெரியவருக்கு என்ன கோபமோ, ரொட்டியைக் காட்டி ஏமாற்ற முடியவில்லை. வேறு வழியில்லாமல் ரேடியோ ஒரு அவித்த முட்டையை அப்படியே முழுதாக வாயில் போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்டு திரும்பினால், வாசலில் ஆய்வாளர். அவருக்குப் பின்னால், ஓடிவந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டு இன்சார்ஜ் சிஸ்டர்.

"என்ன பண்றீங்க?" என்று கேட்டார் ஆய்வாளர்.

ரேடியோவுக்குக் கன்னம் இரண்டும் உப்பி, கண் பிதுங்கி நின்றது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. பிறந்ததிலிருந்து கேட்ட கேள்விக்கு அவள் பதில் சொல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. அவளுக்குப் பதிலாகப் பெரியவர் பேசினார்.

"தம்பி சாப்புட்றான். சாப்புட்ற நேரத்துல ஆளைத் தொந்தரவு பண்ணாதீங்க."

ஆய்வாளர் கால்மாட்டு அட்டையை எடுத்துப் பார்த்தார். முழுசு, முழுசு, முழுசு என்று வரிசையாக இருந்தது. கையும் களவுமாகப் பிடிப்பது என்பார்கள்; இது வாயும் முட்டையுமாகப் பிடித்தது. இல்லம் முழுக்க அன்று இதே பேச்சு. துணி வெளுக்கிற பகுதியில் சிரித்துச் சிரித்து ஒருத்திக்குப் புரையேறிவிட்டது.

வாரியத்திலிருந்து கடிதம் வந்த அன்று யாரும் சிரிக்கவில்லை. நோயாளியின் உணவை எடுத்து உண்டது ஒரு குற்றம், பொய்யாகப் பதிவு செய்தது இன்னொரு குற்றம். விசாரணைக்கு நேரில் வர வேண்டும். குற்றம் உறுதியானால் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்படலாம். விசாரணை முடியும்வரை நோயாளிகள் அறைக்குள் கால் வைக்கக் கூடாது என்று ரேடியோவைத் துணி மடிக்கிற இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கேயும் இயந்திரச் சத்தம். பேசினால் தனக்கே கேட்காது. அன்று வீட்டுக்குப் போனவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நாற்காலியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"திரும்ப பிஸ்கட் கம்பெனிக்கு என்னால போக முடியாதுங்க. பேசறதுக்கு ஆள் இல்லாம, தொடறதுக்கு ஆள் இல்லாம, நான் என்னத்த செய்வேன்?"

அவள் கணவர் டெய்லர் வாய்ப்பேச்சில் கெட்டிக்காரர் இல்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "யாரும் எங்கயும் அனுப்பல. முதல்ல விசாரணைக்குத் தயாராவோம்" என்றார். அவருக்கு ஒரே ஒரு கவலைதான். இவள் அங்கே போய் வாயைத் திறந்தால் மூட மாட்டாளே. ஆகவே தினமும் கடையை மூடியதும் ஒத்திகை. டேப்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து அவர்தான் வாரியத் தலைவர்.

"கேட்டதுக்கு மட்டும் பதில். அதுக்கு மேல ஒரு வார்த்தை கூடாது. உங்க பேரு?"

"பேரு வந்துங்க, எங்க அத்தை வெச்சது. அவங்களுக்கு அப்ப கல்யாணம் ஆகல, எங்கப்பாவுக்கும் அவங்களுக்கும் சண்டை வேற..."

"நிறுத்து. உங்க பேரு?"

"அதத்தாங்க சொல்ல வர்றேன்."

தலைவர் டேப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

விசாரணைக்கு முதல் நாள், துணி மடிக்கிற இடத்துக்கு இன்சார்ஜ் சிஸ்டரே வந்தார். ஒரு போர்வையின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு, மடிப்பதற்கு உதவுகிறவர்போல இவளருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"இங்க பாரு. நானும் சாட்சியா வர்றேன். சூடு பாத்தேன்னு சொல்லிடு. ஊட்டறதுக்கு முன்னால சூடு பாக்கறது விதியிலயே இருக்கு. ஒரே வரி. கேஸ் ஒழிஞ்சுது."

"பொய்யாச்சே சிஸ்டர்."

"முழுப் பொய் இல்ல. என்னைக்காவது ஒருநாள் சூடு பாத்திருப்ப இல்ல?"

அப்படிப் பார்த்தால் பார்த்துத்தான் இருக்கிறாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பஸ்ஸில் உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். சூடு பாத்தேன். சூடு பாத்தேன். எவ்வளவு சின்ன வாக்கியம். டெய்லருக்கும் இது ரொம்பப் பிடித்துவிட்டது. நீளத்தின் அடிப்படையில்தான் பிடித்தது என்று நினைக்கிறேன்.

வாரியத்தின் அறை ஏசியில் விறைத்துக் கிடந்தது. நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவி அம்மா, நரைத்த தலை. அந்தக் காலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவராம். ஒரு பக்கம் கறுப்புக் கோட்டு வக்கீல். இன்னொரு பக்கம் பொதுமக்கள் சார்பில் ஒருவர். வந்ததிலிருந்து வாயைத் திறக்காமல் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தார். ஆய்வாளர் அம்மா எழுந்து தான் கண்டதைச் சொன்னார். முட்டையைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் லேசாகத் தடுமாறியது. தண்ணீர் குடித்தவருக்கு மூக்கில் ஏறிவிட்டது.

வக்கீல் தொண்டையைக் கனைத்தார். "உணவின் சூட்டைச் சோதிக்கும் பொருட்டு நீங்கள் அதை உண்டதாக எடுத்துக்கொள்ளலாமா?"

கதவை அவரே திறந்துவிட்டு, உள்ளே வா என்று நிற்கிறார். சாட்சி நாற்காலியில் இருந்து இன்சார்ஜ் சிஸ்டர் கண்ணாலேயே ஜாடை காட்டினார். பின்வரிசையில் டெய்லர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். ரேடியோ வாயைத் திறந்தாள். சூடு என்கிற சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவளுக்குப் பொய் சொல்ல வரும். சுருக்கமாகச் சொல்லத்தான் வராது. சொல்ல ஆரம்பித்தால் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும், எல்லாவற்றையும் சொன்னால் பொய்க்கு அதில் இடம் இருக்காது.

"சூடா? முட்டை ஆறி அரை மணி நேரம் ஆச்சுங்க சார். அதுல என்ன சூடு பாக்கறது? நான் சாப்ட்டேன். நெஜமாவே சாப்ட்டேன். அன்னைக்கு மட்டுமில்ல, தினமும்."

அப்புறம் கொட்டித் தீர்த்துவிட்டாள். கப்பலைச் சொன்னாள், ஆட்களைச் சொன்னாள், தம்பி என்று கூப்பிடுவதைச் சொன்னாள், வாயைக் காட்டச் சொல்வதைத் தன் வாயைத் திறந்தே காட்டினாள். எனக்கு ஒரு வாய், அவருக்கு ஒரு வாய். வக்கீலே சிரித்துவிட்டார். இன்சார்ஜ் சிஸ்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அறையில் இருந்த குளிர் குறைந்ததுபோல இருந்தது. ரேடியோவுக்கே கொஞ்சம் தெம்பு வந்துவிட்டது. இவ்வளவு பேர் சிரித்தால் தண்டனை எப்படி வரும் என்று தோன்றியது.

தலைவி அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஒரு காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சரிம்மா. சாப்ட்டது உங்க நல்ல மனசு. எழுதினது?"

"தட்டு காலிம்மா. அதனால முழுசுன்னு..."

"அவர் சாப்ட்டது எவ்வளவு?"

"பாதி."

"பாதின்னு எழுதியிருந்தா டாக்டர் என்ன பண்ணியிருப்பார்?"

ரேடியோ யோசித்தாள். "சத்து மாவு கொடுக்கச் சொல்லியிருப்பார். கஞ்சியைக் கெட்டியா, தடவைக்குக் கொஞ்சமா..." பேச்சு தானாகவே மெதுவாயிற்று.

"இது அந்த டாக்டர் எழுதிக் கொடுத்தது" என்றார் தலைவி அம்மா. "முழுத் தட்டு சாப்புட்ற மனுஷன் இளைக்கறார்னா உள்ள ஏதோ பெரிய வியாதின்னுதான் நெனைச்சாராம். அதுக்காகத்தான் அத்தனை ரத்தம் எடுத்தது. நீங்க அந்த ரூமை விட்டுப் போனப்புறம் மத்தவங்க கால், காலுன்னு எழுதினாங்க. அப்பத்தான் பழைய அட்டை சரியில்லேன்னு அவருக்குப் புரிஞ்சிருக்கு. பெரியவருக்கு ஒரு வியாதியும் இல்ல. பசிதான்."

யாரும் கோபமாகப் பேசவில்லை. அடிக்கவில்லை, திட்டவில்லை. ஆனாலும் அந்த ஊசிகள் ஒவ்வொன்றும் அவளுக்கு ஞாபகம் வந்தது. அசையாமல் பிடித்துக்கொண்ட கை இவளுடையது. கரை தெரியுது என்று சொன்ன வாய் இவளுடையது. குத்தினவரைத் திட்டினாளே, குத்த வைத்தது யார்? அறையில் எல்லாரும் அவள் பேசுவதற்காகக் காத்திருந்தார்கள். ரேடியோ நின்றுவிட்டிருந்தது. டெய்லர் பயந்துபோய் எழுந்தே விட்டார்.

"தப்பும்மா" என்றாள் கடைசியில். "என் கையெழுத்தை நம்பித்தான் அந்த நம்பரைக் கொடுத்தீங்க. நான் பேர் வாங்கறதுக்காக எழுதிட்டேன். நம்பரை எடுக்கறதுன்னா எடுத்துக்குங்க. ஆனா ஒண்ணு மட்டும் எங்கயாவது எழுதி வைங்க. எதிர்ல ஒரு ஆள் உக்காந்து சாப்ட்டாத்தான் அவர் சாப்புடுவார். அது தெரியாம ஊட்டினா அவர் பட்டினிதாம்மா."

வெளியே போய் உட்காரச் சொன்னார்கள். வராந்தாவில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு பெஞ்சில். டெய்லர் அவள் புடவைத் தலைப்பில் பிரிந்திருந்த நூலைப் பார்த்துப் பிய்த்து எடுத்தார். "ஒத்திகை பார்த்ததுல ஒரு வரிகூட நீ சொல்லல" என்றார். அவளுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. ஆய்வாளர் அம்மா தண்ணீர் பாட்டிலோடு அந்தப் பக்கம் வந்தவர், சற்றுத் தயங்கி இவர்கள் எதிரே நின்றார்.

"அன்னைக்கு உங்களுக்கு முட்டை தொண்டையில சிக்கிக்கப் போகுதுன்னு நான் பயந்தே போய்ட்டேன்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் பாட்டிலை இவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

தீர்ப்பு வந்தது. உணவை எடுத்து உண்டது சுயநலத்துக்காக அல்ல என்று அந்தக் குற்றச்சாட்டைத் தள்ளிவிட்டார்கள். பொய்யாக எழுதியது குற்றம்தான். கண்டனம் ஒரு வருஷம் பதிவேட்டில் அவள் பெயருக்குப் பக்கத்தில் நிற்கும். பதிவு எழுதும் வகுப்புக்கு மறுபடி போக வேண்டும். அந்த வருஷம் முழுக்க அவள் ஊட்டும்போது இன்னொருவர் அருகில் இருந்து பார்த்து அட்டையில் கூடவே கையெழுத்துப் போட வேண்டும். நம்பர் இருக்கும். தலைவி அம்மா கடைசியாக ஒன்று சேர்த்துச் சொன்னார்: பெரியவருக்கு ஊட்டுகிற ஆளுக்கும் ஒரு தட்டு தனியாக வைக்கும்படி இல்லத்துக்கு வாரியம் எழுதும். நம்பர் இருக்கும் என்ற இடத்திலேயே ரேடியோ அழ ஆரம்பித்துவிட்டதால் மற்றதை டெய்லர்தான் கேட்டுவந்து சொன்னார். பஸ்ஸில் போகும்போது முழுக் கதையையும் பக்கத்து சீட்டுக்காரம்மாவிடம் அவள் சொல்லிக்கொண்டு போனாள். அவரும் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டார்.

மறுநாள் மதியம் கடைசி அறைக்கு இரண்டு தட்டு போயிற்று. அருகில் இருந்து பார்க்கிற வேலையை இன்சார்ஜ் சிஸ்டர் வேறு யாரிடமும் விடவில்லை. பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றார். ரேடியோ தன் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டுக் காட்டினாள். பெரியவர் திருப்தியாகப் பார்த்தார். ஸ்பூனைக் கிட்டே கொண்டு போனாள். அவர் வாயைத் திறக்காமல் தலையைச் சாய்த்து அவளைத் தாண்டிப் பார்த்தார்.

"தம்பி, அந்த ஆளு சாப்ட்டாச்சா?"

"நான் அப்புறம் சாப்டுக்கறேன்" என்றார் சிஸ்டர்.

பெரியவர் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

ரேடியோ காலால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள், அவ்வளவுதான். சிஸ்டர் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டு வருஷக் கணக்காகிறது. மருந்து அலமாரிக்குப் பின்னால் நின்றபடி ரொட்டியை விழுங்கிவிட்டு ஓடுவதுதான் அவருக்குச் சாப்பாடு. முணுமுணுத்துக்கொண்டே சமையலறைக்குச் சொல்லி மூன்றாவது தட்டு வரவழைத்தார். உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்தவர் முகம் மாறியது.

"உருளைக்கிழங்குல உப்பே இல்லையே. தினமும் இதையா போடறாங்க?"

"நான் எத்தனை நாளா சாப்ட்டுப் பாத்திருக்கேன், எனக்குத் தெரியாதா சிஸ்டர்?" என்றாள் ரேடியோ.

பெரியவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தன் சமையலை ஆட்கள் உட்கார்ந்து சாப்பிடுகிற சந்தோஷம் அவர் முகத்தில் கூத்தாடியது. "மெதுவா சாப்புடுங்க, நெறைய இருக்கு" என்றார். பிறகு தாமாகவே வாயைத் திறந்தார். கஞ்சி போயிற்று, ரொட்டி போயிற்று, முட்டை போயிற்று. பேச்சும் சிரிப்புமாகத் தட்டில் ஒரே ஒரு உருளைக்கிழங்குத் துண்டு மிஞ்சியது. அதைக் கிட்டே கொண்டு போனபோது போதும் என்று கையைக் காட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

சிஸ்டர் அட்டையை எடுத்து நீட்டினார். அவருக்கும் மனசு குளிர்ந்திருந்தது. "முழுசுன்னு போடு. ஒரு துண்டுதானே."

ரேடியோ பேனாவை வாங்கினாள். பெரியவரின் முழங்கை மடிப்பில் ஊசி குத்திய இடங்கள் இன்னும் மஞ்சள் மஞ்சளாக இருந்தன.

"இல்ல சிஸ்டர். ஒரு துண்டு மிச்சம் இருக்கு."

அட்டையில் அதை எழுதக் கட்டம் போதவில்லை. எழுத்தைப் பொடியாக்கி, ஓரத்தில் மேலே ஏற்றி எழுதினாள்: ஒரு துண்டு உருளைக்கிழங்கு தவிர எல்லாம் சாப்பிட்டார். சிஸ்டர் படித்தார். தட்டை ஒருதரம் எட்டிப் பார்த்தார். கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.